சிவப்புக் கோட்டுக்குக் கீழே

மணி பன்னிரண்டே முக்கால்கூட ஆகவில்லை, அதற்குள் வாசனை மாடியேறி வந்துவிட்டது. மற்ற நாள் சாம்பாராக இருந்தால் சமையலறை வாசலைத் தாண்டவே சோம்பல்படும். இது வாளைக் கருவாடு. வெந்நீரில் ஊறி, புளியிலும் மிளகாயிலும் கொதித்து, மாங்காயையும் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியின் மூன்று மாடியையும் யாரையும் கேட்காமல் ஏறி, கொடியில் கிடந்த சுடிதார்களையெல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, டெல்மாவிடம் வந்து சேர்ந்தது. டெல்மா படியில் அப்படியே நின்றாள். வேம்பார்க் கடற்கரையிலிருந்து வந்து மூன்றாம் வருஷம் வேதியியல் படிக்கிறவள், மெஸ் கமிட்டியில் ஒருத்தி, இந்தக் குழம்பு இங்கே அடுப்பேறுவதற்காக ஆறு மாசம் வார்டன் அறைக்கு நடையாய் நடந்தவள். இத்தனைக்கும் அந்த வாசனை வந்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது, ஓடிப்போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட வேண்டும் என்பதுதான். சீ, என்ன புத்தி இது. நீயே கேட்டு வாங்கிவிட்டு நீயே மூக்கைப் பொத்துவாயா. அப்புறம்தான் சந்தோஷம் வந்தது, வயிற்றுக்குள் என்னமோ எம்பி எம்பிக் குதித்தது, பசி இல்லை அது, பசி எங்கேயாவது ஒருத்தியை இரண்டிரண்டு படியாக இறங்க வைக்குமா. இன்றைக்கு ஒரு நாள் தப்பித்தால் போதும். இந்த மெஸ்ஸில் புதுச் சாப்பாட்டுக்கு ஒரே நாள்தான் தவணை. கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அலுமினிய வாளி இருக்கிறது, அதன் உள்பக்கம் பாதி உயரத்தில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு. எந்த மகராசி இழுத்த கோடோ, யாருக்கும் தெரியாது. புதுச் சாப்பாடு போடுகிற நாளில் எல்லோரும் தட்டில் மிஞ்சியதை அந்த வாளியில்தான் தட்ட வேண்டும். கடைசித் தட்டு கழுவி முடியும்போது மிச்சம் கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்தச் சாப்பாடு அட்டவணையில் ஏறும். கோட்டைத் தாண்டினால் தீர்ந்தது, அதைப் பற்றி இனி ஒருத்தியும் வாயைத் திறக்கக் கூடாது. போன வருஷம் சோயா பிரியாணி தாண்டியது. பீட்ரூட் சப்பாத்தி தாண்டியது, அது ஒழிந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. இன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. சிபாரிசு செய்தவர் என்ற இடத்தில் டெல்மா என்று கொட்டை எழுத்தில் அவளேதான் கையெழுத்துப் போட்டிருந்தாள், என்ன தைரியத்தில் போட்டாளோ.

வரிசை அதற்குள் வராண்டா வரைக்கும் வந்திருந்தது, நீண்ட வரிசை, வரிசை நீண்டால் நல்லதா கெட்டதா, வேடிக்கை பார்க்க வந்த கூட்டமாகவும் இருக்கலாமே. கடைசியில் நின்ற முதல் வருஷப் பெண் ஒருத்தி துப்பட்டாவை மூக்கின் மேல் வைத்திருந்தாள். டெல்மாவுக்குத் திக்கென்றது. அந்தப் பெண் தும்மிவிட்டுத் துப்பட்டாவை எடுத்தாள். ஜலதோஷம், பாவம், ஜலதோஷக்காரிக்கு இந்தக் காரம் அமிர்தமாக இருக்கும், போ, நன்றாகச் சாப்பிடு. வினோதா எங்கே. வினோதா அந்தப் பெண்ணுக்குப் பத்துப் பேர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள், திண்டுக்கல்காரி, டெல்மாவின் அறைத்தோழி, நிமிர்ந்து நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு. காலையில் அறையில் "இன்னைக்குத்தானா அது" என்று மட்டும் கேட்டாள். "அது" என்றாள், பெயரைச் சொல்லவில்லை. முதல் வருஷமும் அப்படித்தான், பெயரைச் சொல்லாமலேயே எல்லாம் நடந்தது. அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வறுத்த நெத்திலிக் கருவாட்டை அடைத்து, மேலே பாலித்தீன் கட்டி, அதற்கு மேலே துணி கட்டி, "யாரு கேட்டாலும் ஒரு வாய் குடுத்துத் தின்னு மக்கா" என்று சொல்லி அனுப்பினாள். யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் டெல்மாவின் அலமாரியில் நாலு நாப்தலின் உருண்டை இருந்தது. வினோதா மோசமானவள் இல்லை, அதுதான் தொல்லை, மோசமானவளாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்து ஊட்டியவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை கோழியில் கால் பகுதி கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவளும் அவள்தான், கோழி நாறாது போலிருக்கிறது. டெல்மா அந்தப் பாட்டிலைத் திறக்காமலே ஊருக்குத் திருப்பி எடுத்துப்போய், எல்லோரும் ஆசையாகத் தின்றார்கள் என்று அம்மாவிடம் பொய் சொன்னாள். அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே. அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, ஊரில் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறி வந்து வகுப்பில் உட்கார்ந்து, வருகைப் பதிவில் தன் எண்ணான முப்பத்தேழைக் கூப்பிட்டதும் வலது கையைத் தூக்கினாள். பின் பெஞ்சில் யாரோ, "எவடி கருவாடு" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், சாதாரணச் சிரிப்புதான், நாளைக்கு மறந்துபோகிற சிரிப்பு. டெல்மாவுக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து முப்பத்தேழுக்கு வாயால் மட்டும் பிரசன்ட் சொல்வாள், கை மடியிலேயே இருக்கும். ஊரிலிருந்து கிளம்பும்போது எலுமிச்சைத் தோலைத் தேய் தேய் என்று தேய்த்து விரல் நுனியெல்லாம் எரியும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது, எலுமிச்சை விற்றவனுக்கு நல்ல காலம்.

அப்படியே ஓடியிருக்கும், அந்த நோட்டுகள் மட்டும் கண்ணில் படாமல் இருந்திருந்தால். மெஸ் கமிட்டிக்குப் பெயர் கொடுத்த புதிதில் அரிசி அறையைக் காலிசெய்யப் போனார்கள், அவளும் தலைமைச் சமையல்காரி பேச்சியக்காவும். பரண் மேல் எலி கடித்த ஒரு தகரப் பெட்டி. உள்ளே ஆலோசனை நோட்டுகள், ஐம்பது வருஷத்து நோட்டுகள், விடுதிப் பெண்கள் சாப்பாட்டைப் பற்றி எழுதி எழுதி வைத்தவை. பேச்சியக்கா, "அடுப்பெரிக்க ஆகும்த்தா" என்றாள். டெல்மா மூட்டை மேல் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவள், மதிய வகுப்பு இரண்டையும் விட்டுவிட்டாள். அப்பாடா, எத்தனை வாய், எத்தனை வயிறு. தரையில் பந்தி உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்ட காலத்தில் ஒருத்தி எழுதியிருந்தாள், ரசம் இலையை விட்டு ஓடிப் பாவாடைக்கு வருகிறது, ஒன்று ரசத்தைக் கெட்டியாக்குங்கள் இல்லை தரையைச் சமமாக்குங்கள். இலை போய் எவர்சில்வர் தட்டு வந்தபோது இன்னொருத்தி, தட்டில் முகம் தெரிகிறது, சாம்பாரில் பருப்பு தெரியவில்லை. முதல் முறையாக முட்டை போட்ட நாளில் ஒரு பக்கம் முழுக்க நன்றி நன்றி என்று கையெழுத்துகள், கடைசியில் சின்னதாக, நாளைக்கும் உண்டா. பரோட்டா கேட்டு எட்டு வருஷம் போராடியிருக்கிறார்கள், பட்டம் வாங்கிப்போனவர்கள் விட்ட இடத்திலிருந்து அடுத்து வந்தவர்கள் பிடித்திருக்கிறார்கள். டெல்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, நீரைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டியபோதுதான் அது இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, ரீத்தம்மாள், தாவரவியல் மூன்றாம் வருஷம்: மாதம் ஒரு முறை கருவாட்டுக் குழம்பு வைக்கலாமா. கீழே பச்சை மையில் வார்டன், விடுதியின் கண்ணியத்துக்கு ஏற்றதல்ல. எண்பத்து மூன்றில் செய்யதலி பாத்திமா, கீழக்கரை. பச்சை மை, வாசனை பற்றிப் பிறர் புகார் சொல்வார்கள். தொண்ணூற்றொன்றில் பொன்னுத்தாய் என்று ஒருத்தி, கோடு போட்ட தாளில் கோட்டை விட்டு ஏறிய எழுத்தில், மேடம் இது எங்கள் ஊரில் ஏழைச் சாப்பாடு இல்லை வீட்டுச் சாப்பாடு. பச்சை மை, பார்க்கலாம். யார் பார்த்தது, யாரும் பார்க்கவில்லை. டெல்மா அந்த மூன்று பெயரையும் திரும்பத் திரும்பப் படித்தாள். அடிப் பாவிகளா, நான் மட்டும்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். அரிசி மூட்டை மேல் தனியாக உட்கார்ந்து அவளுக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது, ரீத்தம்மாளுக்கு இப்போது எழுபது வயதிருக்கும், எங்கே இருக்கிறாளோ, வாரா வாரம் வைத்துத் தின்பாளோ. அன்று சாயங்காலமே நாலாவது ஆளாகத் தன் பெயரை எழுதினாள்.

இப்போது வாளிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். புதுச் சாப்பாட்டு நாளில் கமிட்டிப் பெண் ஒருத்தி வாளிக்குக் காவல் நிற்க வேண்டும், கடைசித் தட்டு வரைக்கும் அவளுக்குச் சாப்பாடு கிடையாது. வாளி காலி. உள்ளே சிவப்புக் கோடு, தண்ணீர் பட்டுப் பளபளவென்று. பரிமாறும் மேடையில் பேச்சியக்கா கரண்டியைச் சட்டியின் அடிவரை விட்டுத் தூக்கி ஊற்றுகிறாள். காலையில் அவளிடம் போய், "அக்கா, ரொம்ப நேரம் ஊறவைக்காதிய, கரைஞ்சிரும். முருங்கைக்கா நிறையப் போடுங்க, எங்கம்மா அப்படித்தான் வைப்பா" என்று சொன்னதற்கு, "கருவாட்ட எனக்கே சொல்லித்தாரியா, போத்தா அங்கிட்டு" என்று துரத்திவிட்டாள், ஆனால் முருங்கைக்காயை அள்ளித்தான் போட்டிருக்கிறாள். முதல் மேஜையில் ஒருத்தி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் பக்கத்துக்காரியிடம் என்னமோ சொன்னாள், பக்கத்துக்காரியும் தொட்டு வைத்தாள். என்ன சொல்கிறாய், உப்பா, உப்பென்றால் சோற்றைக் கூடப் போட்டுப் பிசையேன், குழம்பைச் சாம்பார் மாதிரி குளம் கட்டினால் உப்பாகத்தான் இருக்கும். அவள் சோற்றைக் கூடப் போட்டுப் பிசைந்தாள். கேட்டுவிட்டதா என்ன. அப்புறம் தலை நிமிரவில்லை, ஒருத்தி தலையும் நிமிரவில்லை, வழக்கமாக இந்த ஹாலில் காது கிழிகிற சத்தம் இருக்கும், இன்றைக்கு உறிஞ்சுகிற சத்தமும் சப்புகிற சத்தமும்தான். சிவகங்கைக்காரி ஒருத்தி சுண்டுவிரல் வரை நக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்த்து, டெல்மா பார்த்ததைப் பார்த்து, வெட்கப்படாமல் இன்னொரு முறை நக்கினாள். உனக்குக் கோடிப் புண்ணியம் பெண்ணே. இரண்டாவது முறை குழம்புக்கு வரிசை. இரண்டாவது முறைக்கு வரிசையா, இந்த மெஸ்ஸிலா. டெல்மாவுக்குக் கை கால் நிலைகொள்ளவில்லை, அம்மாவுக்குப் போன் பண்ண வேண்டும், இப்போதே பண்ண வேண்டும், வாளியை விட்டு எப்படிப் போவது. சைவ வரிசைப் பெண்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வினோதா மட்டும் ஓரத்தில் ரசத்தையும் அப்பளத்தையும் வைத்துக்கொண்டு மெல்லச் சாப்பிட்டாள். சரி, அவள் பாடு, எல்லோரும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது. ஆனாலும் கண் அங்கேயேதான் போயிற்று. இரண்டு வருஷமாக வினோதா தின்னும் அந்த ஒரு வாய்க்காகத்தானே இவ்வளவும் என்று ஒரு நொடி தோன்றியது, அது உண்மையாக இருந்துவிடுமோ என்று பயந்து அவள் வாளியைப் பார்த்தாள்.

வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. எப்படி, இப்போதுதானே காலியாக இருந்தது, ஒவ்வொரு தட்டும் நக்கித் துடைத்த மாதிரி அல்லவா வருகிறது. தட்டுகள் வந்தன, சாய்ந்தன, டப் டப்பென்று வாளியில் விழுந்தது. முள். வாளைக் கருவாட்டின் நடுமுள், சீப்புச் சீப்பாக. முருங்கைக்காய்ச் சக்கை, மென்று உறிஞ்சித் துப்பிய சக்கை, ஆளுக்கு நாலு துண்டு, இருநூற்றுப் பத்துப் பேர். மாங்கொட்டை. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கு எலும்பு போடத் தனி பேசின் வைப்பார்கள், இன்றைக்கு வைக்கச் சொல்ல வேண்டியவள் டெல்மா, சொல்லவில்லை. தோன்றவே இல்லை. வேம்பாரில் முள்ளையும் சக்கையையும் யார் மிச்சம் என்று சொல்லியிருக்கிறார்கள், தட்டின் ஓரத்தில் ஒதுக்கினால் முள்ளுக்குப் பூனை நிற்கும், சக்கைக்கு ஆடு நிற்கும், அதெல்லாம் மிச்சத்திலேயே சேராது. முருங்கைக்காய் நிறையப் போடுங்க என்றாயே, எங்கம்மா அப்படித்தான் வைப்பா என்றாயே, அறிவுகெட்டவளே. இன்னும் நாலு விரற்கடை. இரண்டு விரற்கடை. வருகிறவளை நிறுத்திச் சக்கையைத் தின்றுவிடு என்றா சொல்ல முடியும். ரீத்தம்மாள் கேட்டாள், பாத்திமா கேட்டாள், பொன்னுத்தாய் தன் எழுத்து கோட்டை விட்டு ஏற ஏறக் கேட்டாள், கடைசியில் கிடைத்த ஒரு நாளை இவள் முருங்கைக்காயில் கோட்டை விட்டாள் என்று ஆகப்போகிறது, இனி ஒருத்தியும் கேட்கக்கூட முடியாது. இதோ கோடு மறைந்தது. மறைந்துவிட்டது. கடைசித் தட்டுக்காரி கழுவிவிட்டுத் திரும்பும்போது வார்டன் சாரதாமணி மேடம் நோட்டும் பச்சைப் பேனாவுமாக வந்து நின்றார்.

மேடம் வாளிக்குள் குனிந்து பார்த்தார். நல்ல மனுஷிதான், சிடுசிடுப்பெல்லாம் கிடையாது, ஆனால் கோடென்றால் கோடு. "தாண்டிருச்சே டெல்மா," என்றார், உண்மையாகவே வருத்தமாக. "எல்லாரும் நல்லா சாப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு. என்ன செய்யறது, சோயா பிரியாணிக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயம்னு வைக்க முடியாதில்ல." பேனாவின் மூடி திறந்தது. மேடம் அது முள், அது சக்கை, அது சாப்பாடு இல்லை, டெல்மா சொல்லி முடிப்பதற்குள் எழுதிவிடுவார், சுற்றி நூறு பெண்கள் ஈரக் கையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள், பேனா தாளைத் தொடப்போகிறது. அவள் சட்டைக் கையைக்கூடச் சுருட்டவில்லை. வலது கையை முழங்கை வரைக்கும் வாளிக்குள் விட்டாள். வெதுவெதுவென்று, வழவழவென்று, முள் குத்தியது, உள்ளே துழாவி ஒரு பிடி அள்ளி மேடம் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். குழம்பு முழங்கையில் வழிந்தது. "பாருங்க மேடம். முள்ளு. சக்கை. ஒரு பருக்கை சோறு இருக்கான்னு பாருங்க." தூக்கிய கையை அவள் இறக்கவில்லை. "கோழி எலும்பை மிச்சம்னு எண்ணுவமா மேடம். தனி பேசின் வைக்கச் சொல்ல நான் மறந்துட்டேன், தப்பு என்மேலதான். குழம்பு மேல இல்ல." மேடம் அந்தப் பிடியை உற்றுப் பார்த்தார். அள்ளிய பிடியை எங்கே போடுவதென்று தெரியாமல் டெல்மா நின்றாள், அப்போது பக்கத்தில் ஒரு எவர்சில்வர் பேசின் நீண்டது. ஞாயிற்றுக்கிழமை பேசின். பிடித்திருந்தவள் வினோதா. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூக்கைச் சுருக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு. "போடு," என்றாள். "சீக்கிரம் போடு, குமட்டுது." டெல்மா போட்டாள். இன்னொரு பிடி, இன்னொரு பிடி. வினோதாவின் கழுத்து நரம்பு புடைத்தது, பேசினை மட்டும் அவள் விடவில்லை. முள்ளும் சக்கையும் கொட்டையும் பேசினுக்குப் போனபின் வாளியின் அடியில் கிடந்தது கொஞ்சம் சோறும் இரண்டு அப்பளத் துண்டும், சிவப்புக் கோடு எங்கோ மேலே இருந்தது. சாரதாமணி மேடம் வாளியைப் பார்த்தார், டெல்மாவின் கையைப் பார்த்தார், நோட்டைச் சுவரில் வைத்து எழுதினார். எழுதிவிட்டு வாய்விட்டும் சொன்னார்: "ரெண்டாவது புதன், மதியம். பேசின் தனியா."

அதற்குப் பிறகு யார் கத்தினார்கள், யார் முதுகில் அடித்தார்கள் என்று டெல்மாவுக்குச் சரியாக நினைவில்லை. "கையக் கழுவு மொதல்ல, அசிங்கம் பிடிச்சவளே" என்று பேச்சியக்கா விரட்டியதும் மூன்று முறை சோப்புப் போட்டதும்தான் நினைவிருக்கிறது. குழம்பு ஒரு கரண்டி இல்லை, சுத்தமாகத் தீர்ந்துவிட்டது. பேச்சியக்கா சட்டியில் இரண்டு கரண்டி சோற்றைக் கொட்டி, அடியிலும் பக்கத்திலும் ஒட்டியிருந்ததையெல்லாம் வழித்துப் பிரட்டி அப்படியே முன்னால் வைத்தாள். "குழம்ப விட இதுதாண்டி ருசி, தின்னு." டெல்மா தின்றாள். உப்பும் புளியும் அடிப்பிடித்த வெங்காயமும், கண்ணில் நீர் வந்தது, காரம்தான் என்று சொல்லிக்கொண்டாள். நாலைந்து பேர் வந்து சட்டிக்குள் கைவிட்டார்கள். வினோதா வரவில்லை, கொஞ்சம் தள்ளி நின்று, "ரெண்டு மணிக்குக் கிளாஸ், தெரியும்ல" என்றாள். நின்றாள், போகவில்லை. மணி அடித்துவிட்டது, வாயைத் துடைத்துக்கொண்டு இருவரும் ஓடினார்கள், எலுமிச்சை தேட நேரமில்லை, தேடவேண்டும் என்று தோன்றவும் இல்லை, போன் பண்ணினால் அம்மா முதலில் என்ன கேட்பாள், முருங்கைக்கா போட்டாங்களான்னுதான் கேட்பாள், போட்டாங்கம்மா, நல்லாவே போட்டாங்க. வகுப்பில் முப்பத்தைந்து முடிந்து முப்பத்தாறு ஓடிக்கொண்டிருந்தது. மூச்சிரைக்க உள்ளே நுழைந்து, உட்காருவதற்கு முன்பே, முப்பத்தேழு என்ற குரலுக்கு டெல்மா வலது கையை நன்றாக மேலே தூக்கினாள்.